பார்வை உள்ளான்

பிணத்துக்குக் கண் திறப்பது என் தொழில். இப்படிச் சொன்னால் ஏதோ மந்திரவாதி என்று நினைத்துக்கொள்வீர்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. ராயபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நெகட்டிவ் திருத்துகிற வேலை. அறுபதுகளின் கடைசியில் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஒரு சாய்வு மேசை முன்னால் குனிந்தே கிடந்தேன். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். பென்சிலால் தொட்ட இடம் படத்தில் வெளுக்கும், கத்தி முனையால் சுரண்டிய இடம் கறுக்கும். கல்யாணப் பெண்ணின் அம்மைத் தழும்பு, மாதா கோயிலில் புதுநன்மை வாங்கிய பிள்ளையின் முன்பல் ஓட்டை, துறைமுகத்து மேஸ்திரியின் மாறுகண், எல்லாவற்றையும் சரி பண்ணி அனுப்பியிருக்கிறேன்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் ரொம்பப் பேர். செத்த பிறகுதான் முதல் போட்டோவே. நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, தாடையைத் துணியால் கட்டி, ஒரே ஒரு படம். அப்புறம் வீட்டுக்காரர்கள் ஸ்டூடியோவுக்கு வந்து, "கண்ணு தொறந்தாப்பல போட்டுக் குடு நைனா" என்பார்கள். மூடிய இமை மேல் கத்தியால் வட்டமாகச் சுரண்டி, நடுவில் ஒரு பென்சில் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி சரியாக விழுந்துவிட்டால் போதும், ஆள் நம்மைப் பார்ப்பார். இதற்குக் கண் திறப்பது என்றே எங்களுக்குள் பெயர்.

பென்சில் பிடிப்பதற்காக நெகட்டிவ் மேல் முதலில் ஒரு மருந்து தடவுவோம். யாராவது "எப்டி நைனா கண்ணு தொறந்துச்சு?" என்று வாயைப் பிளந்தால், "மருந்து போட்டோம், திறந்துகிச்சு" என்று சொல்வது என் வழக்கம். விளையாட்டுக்குத்தான். போட்டோ என்றாலே ஏதோ மருந்தில் முக்கி எடுப்பது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நம்பிவிடுவார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. அந்தக் குஷியைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சடையங்குப்பத்துக்காரர் ஒருவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அப்பாவின் படத்துக்காக வந்தார். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்து மூலக்கொத்தளத்தில் அடக்கம் ஆனவர். குழிக்குப் பக்கத்தில் வைத்து அந்தப் படத்தை எடுத்தவனும் நான்தான். திறந்த கண்ணோடு படத்தைக் கையில் கொடுத்ததும் மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பன் முழிச்சிகினாரு நைனா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எப்படித் திறந்தது என்று கேட்டார். மருந்து என்றேன்.

பேச்சோடு பேச்சாக அவர் தொழிலைச் சொன்னார். எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் சேற்றில் கண்ணி வைத்து உள்ளான் குருவி பிடிக்கிறார். எனக்கு அப்படியே ஜிவ்வென்று ஆகிவிட்டது. ஏனென்றால் அந்த உள்ளானால்தான் நான் இரண்டு வருஷமாகப் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தேன்.

எப்படிப் பிடித்தது அந்தப் பைத்தியம் என்றால், முதலாளி பழைய இரட்டைக் கண் கேமரா ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். முகம் முகமாகத் திருத்திச் சலித்துப்போன எனக்கு, யாரும் திருத்தச் சொல்லிக் கேட்காத முகம் ஒன்று தேவைப்பட்டது. திருவொற்றியூர்க் கடற்கரையில் அலை உள்ளே போனதும் ஓடிவந்து கொத்திவிட்டு, அலை வந்ததும் ஓடுகிற சின்ன உள்ளான்களைப் பார்த்தேன். அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு டிமிக்கி கொடுக்க ஆரம்பித்தேன்.

படங்கள் கேவலமாக இருந்தன. சும்மா சொல்லக் கூடாது, மகா கேவலம். அந்தக் கேமராவுக்குத் தூரத்தை இழுக்கிற லென்ஸ் கிடையாது. இருபது அடியில் நிற்கிற உள்ளான் படத்தில் கடுகு. கிட்டப் போனால் கூட்டமே எழுந்து அடுத்த குப்பத்துக்குப் போய்விடும். முதலில் நின்றுகொண்டு எடுத்தேன், பறவையைவிட மணல்தான் அதிகம் விழுந்தது. மண்டியிட்டேன். பிறகு வயிற்றில் படுத்தேன். பறவையின் கண் மட்டத்துக்கு நம் கண் இறங்கினால்தான் அது பறவையாகத் தெரியும் என்பதை நானேதான் கண்டுபிடித்தேன், யாரும் சொல்லித்தரவில்லை. தலைமேல் கோணிச்சாக்கு போட்டுக்கொண்டு ஈர மணலில் ஒரு மணி நேரம் கிடப்பேன். வலை காயப்போட வருகிற பெண்கள், "இன்னாடா இது, பொணம் ஒதுங்கிகீதா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

வெயில் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், ஆனால் என் நிழல் விழக் கூடாது. எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம், அவை படத்துக்குள் வராமல் திரும்ப வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. கிட்டே போவது மட்டும் பழகவில்லை. மூன்றரை அடியில் ஒரு உள்ளான், கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளி தெரிகிற மாதிரி, ஒரே ஒரு படம். அதுதான் என் ஆசை. அதற்கு மேல் வேறு எதுவும் அப்போது எனக்கு ஆசை என்று இல்லை, பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருந்த பெண்டாட்டி உட்பட.

"கிட்டவா? அதுக்கு இன்னா நைனா, எங்கிட்ட பார்வை கீது" என்றார் அவர்.

பார்வையா என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு விடியற்காலையில் எண்ணூரில் ரயிலை விட்டு இறங்கி அவரோடு நடந்தபோது காட்டினார். சிவப்புக் கால் உள்ளான் ஒன்று, காலில் நூல் கட்டி ஒரு முளையில் பிணைத்திருந்தது. சுற்றிலும் சேற்றில் கண்ணிகள். அது பாட்டுக்கு அசையாமல் நிற்கும். மேலே பறக்கிற கூட்டம், நம்ம ஆள் ஒருத்தன் தைரியமாக நிற்கிறான், பயம் இல்லை என்று நினைத்து இறங்கும். இப்படிக் கூட்டத்தை இறக்குகிற பறவைக்குத்தான் பார்வை என்று பெயர்.

நான் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தேன். கண் இல்லை. கீழ் இமையில் மெல்லிய நூல் கோத்து, மேலே இழுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்.

"தெச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"தெக்காம? கண்ணு தெரிஞ்சா நம்மளப் பாத்து பேஜாரு பண்ணும். அது துள்னா மேல போறது எறங்காது. சாயந்தரம் வெட்டி உட்ருவேன். ஒரு நாளு தெச்சா ஒரு வாரம் தெக்காம உடணும். உடலன்னா கண்ணு பூடும்."

இதை அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நன்றாக விழுந்தது. பின்னால் எத்தனையோ தடவை, நமக்குத் தெரியாதே, யார் கண்டா என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். முதல் நாளே, முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவர் சொல்லிவிட்டார்.

மூன்றரை அடியில் படுத்தேன். உள்ளான் நகரவே இல்லை. காற்றில் அதன் மார்புச் சிறகு லேசாகப் பிரிந்து மூடியது. பன்னிரண்டு படமும் எடுத்துத் தீர்த்தேன். ஸ்டூடியோவுக்கு ஓடி, அன்றைக்கே கழுவிப் பார்த்தால் அத்தனையும் பாழ். கால்நூல் தெரிகிறது, முளை தெரிகிறது, கடல்கோடு சாய்ந்து கிடக்கிறது. கண்ணைப் பற்றி நான் கவலையே படவில்லை. கண்ணை நான் போட்டுக்கொள்வேன். மற்றதைச் சரி பண்ண வேண்டும். முளையைச் சேற்றுக்குள் அமுக்கிவிட்டால் போதும், நூலைப் பாசியால் மறைத்துவிட்டால் போதும், கொஞ்சம் தண்ணீர் ஏறியிருந்தால் பறவையின் பிம்பமும் கீழே விழும்.

சாயங்காலமே திரும்ப எண்ணூருக்குப் போனேன். அவர் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். உள்ளானை மடியில் வைத்து நூலை வெட்டப்போகிற நேரம்.

"அண்ணாத்தே, வெட்டாதீங்க. காலைல வந்து இன்னொரு தபா எடுத்துக்கறேன்" என்றேன்.

"ஒரு வாரம் கழிச்சு வா நைனா, திரும்பத் தெச்சுத் தரேன்."

"அடுத்த வாரம் தண்ணி இப்படி இருக்காது. மழை வந்துடும்."

அவர் உள்ளானையும் என்னையும் பார்த்தார். அதைக் கீழே விடாமலே யோசித்தார். "ரெண்டு வருசமா எங்கையில துன்ற பறவ நைனா இது" என்றார். நான் சும்மா நின்றேன். அங்கேயே நின்றால் அவர் இல்லை என்று சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்பா படத்துக்குக் கூலி வாங்காதது என் வாயில் வரவில்லை, ஆனால் நான் நின்ற நிலையில் அது இருந்தது. கடைசியில் அவரே சொன்னார்: "எங்கப்பனுக்குக் கண்ணு குடுத்தவன் கேக்கற. இன்னா சொல்றது?" கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்தபோது மேகம். ஸ்டூடியோ திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும், வெறுங்கையோடு வந்தேன். நாளைக்கு ஒரு நாள் என்றேன். செவ்வாய்க்கிழமை மழைத் தூறல். இன்னும் ஒரே நாள் என்றேன். அவர் பறவையின் தலையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். புதன்கிழமை மாதா புண்ணியத்தில் வானம் திறந்தது. மாதாவை இதில் இழுத்தது தப்புதான், ஆனால் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். ஒரு விரல்கடைத் தண்ணீர், அதில் அசையாத பிம்பம், பக்கவாட்டில் மஞ்சள் வெயில். ஆறாவது படம் எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் என்று. வயிற்றில் படுத்தபடியே சிரித்தேன்.

எழுந்து சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் நூலை வெட்டினார். இமைகள் கீழே வரவில்லை. வெந்நீர்த் துணியால் ஒற்றினார். ஒரு பக்கம் மெதுவாகப் பிரிந்தது, உள்ளே சீழ், அதற்குப் பின்னால் வெள்ளை. இன்னொரு பக்கமும் அதேதான்.

"போச்சு நைனா. கண்ணுல பூ உழுந்துடுச்சு" என்றார். கத்தவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். கண் போன பார்வை இரை தேடாது, கூட்டத்தோடும் சேராது, இனிமேல் கறிக்குத்தான் என்று தனக்குள் பேசிக்கொண்டார். என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று மாறியது. "ஆமால்ல! உங்கையில மருந்து கீதே. குடுத்தா தொறந்தாலும் தொறக்கும்" என்று பறவையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி துணியைப் பிரித்ததும், "அய்யோ மாதாவே, எந்தக் கட்டையில போறவன்யா இதுக்குத் தெச்சான்?" என்றாள். பிடிக்கிறவன் எவனோ என்றேன். எங்கள் மூத்தவளுக்கு அப்போது நாலு மாசம். கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு, பாலாடைச் சங்கில் பால் பீய்ச்சி, பஞ்சால் தொட்டு அந்தப் பறவையின் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டாள். இரண்டு நாள், வேளாவேளைக்கு. சென்னாக்குன்னி இறாலை நசுக்கி வாயைப் பிளந்து ஊட்டினாள். மூன்றாம் நாள் காலையில் கூடைக்குள் விறைத்துக் கிடந்தது. "வாயில்லா ஜீவன்யா. செஞ்சவன் நல்லா இருப்பானா?" என்று அழுதுகொண்டே குழாயடி ஓரத்தில் புதைத்தாள். நானும் பக்கத்தில் நின்று மண் தள்ளினேன்.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்றேன். பூசைக்கு வராதது, கோபப்பட்டது, பொய் சொன்னது என்று மொத்தமாகச் சொன்னேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதற்கு அப்புறமாவது அந்த நெகட்டிவை அடுப்பில் போட்டிருக்கலாம். போடவில்லையே! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பறவை செத்த அடுத்த வாரமே மேசை முன்னால் உட்கார்ந்து, உச்சந்தலை முடிச்சை மறைத்தேன், தைத்த இமை மேல் கத்தி முனையால் உருண்டையாகச் சுரண்டினேன், பென்சிலை ஊசியாகச் சீவி ஒரு புள்ளி வைத்தேன். என் வாழ்க்கையில் அத்தனை சுத்தமாக ஒரு கண்ணை நான் திறந்ததில்லை. முதலாளி பட்டணத்துப் போட்டோக்காரர்கள் சங்கத்தில் நடந்த போட்டிக்கு அனுப்பிவைத்தார். இரண்டாம் பரிசு. கொடுத்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கண்ணில் என்ன உயிர்! எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். நாலு நாள் என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

படத்தைப் பெரிசு பண்ணி ஸ்டூடியோவின் கண்ணாடி ஜன்னலில் வைத்தார் முதலாளி. ஒரு மாசம் கழித்து, வண்ணாரப்பேட்டைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும் வழியில் சடையங்குப்பத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டார். வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"நைனா! தொறந்துகிச்சே! மெய்யாலுமே தொறந்துகிச்சே! டக்கரா முழிச்சிகினு நிக்குதே!"

என் வாய் திறந்தது. இல்லை அண்ணாத்தே, அது செத்துப் போச்சு என்று சொல்லத்தான் திறந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் படத்தை வாங்கியபோது இருந்த அதே முகம்.

"ஆமா. திறந்துகிச்சு" என்றேன்.

"இப்ப எங்க கீது?"

"பறக்க விட்டுட்டேன்."

"நல்லதுதான் செஞ்ச. இவ்ளோ நாளு வேலை செஞ்சுது, போவட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை ஜன்னல் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார். பாவத்தில் சின்னது பெரிசு உண்டு என்றால், அந்தப் பறவைக்குச் செய்ததைவிட இதுதான் பெரிசு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்போது, ஒரு மனுஷரைச் சந்தோஷப்படுத்தி அனுப்பிவிட்டோம் என்றுதான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதோடு எண்ணூர்ப் பக்கம் போவதை நிறுத்தினேன். கேமராவை முதலாளியிடமே கொடுத்துவிட்டேன். கண் வலிக்கிறது என்று காரணம் சொன்னேன்.

அடுத்த வருஷம் கார்த்திகையில், நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை, அவர் மறுபடி வந்தார். தலையில் கோணி, கையில் ஒரு துணி முடிச்சு. முடிச்சை என் மேசை மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு உள்ளான். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன, ஓரத்தில் சீழ்.

"புது பார்வை நைனா" என்றார். "கூட்டம் நல்லா எறங்கிச்சு. அஞ்சு நாளு வெட்டாம உட்டுட்டேன். முன்னல்லாம் நான் அப்டி உட மாட்டேன், உனக்கே தெரியும். கெட்டாலும் நைனா கீறாரு, மருந்து கீதுன்னு ஒரு தெகிரியம். அதுக்குத் தொறந்தாப்பல இதுக்கும் தொறந்து குடு."

நான் பறவையைத் தொட்டேன். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

என் மேசை மேல் அப்போது ஒரு நெகட்டிவ் இருந்தது. வியாசர்பாடியில் இறந்துபோன ஒரு அம்மாள். ஒரு கண்ணைத் திறந்து முடித்திருந்தேன், இன்னொன்று பாக்கி. அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னேன். பிறகு கத்தியை எடுத்து, அந்த மூடிய இமை மேல் உருண்டையாகச் சுரண்டினேன். பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தது.

"இவ்வளவுதான் அண்ணாத்தே. மருந்து கிருந்து ஒன்னும் இல்ல. உங்க உள்ளானுக்கும் இப்படித்தான் போட்டேன். அது மூணாம் நாளே செத்துப் போச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் இன்னும் கிட்டக் குனிந்து நெகட்டிவைப் பார்த்தார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எங்கப்பனுக்கும் இதேதானா?"

"இதேதான்."

"தெனிக்கும் தொழிலுக்குப் போறப்ப அவர் முன்னால நின்னு சொல்லிகினு போவேன் நைனா. அவர் பாத்துகினு கீறாருன்னு." அவர் என்னைப் பார்க்காமல் அந்த அம்மாளின் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்போ இவ்ளோ நாளா எங்கப்பன் என்னப் பாக்கவே இல்ல?"

அவர் துணியை மறுபடி முடிச்சுப் போட்டு, உள்ளானை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.